விவாகரத்துக்குப் போகும் முன் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டியவை: ஒரு காரைக்குடி அனுபவம்

என் சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிங்கப்பூர் போயிருக்காக என்று ஆறு வாரம் அவனிடம் சொல்லி வைத்திருந்தோம். வீட்டுப் பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு அது, நானும் தலையாட்டினேன். அவன் அதை வகுப்பில் சொல்லி, ஏரோப்பிளேன் படம் வரைந்து, டீச்சரிடம் ஸ்டார் கூட வாங்கிவிட்டான். ஏழாவது வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பையன், பங்காளி வீட்டுப் பிள்ளை, "ஒங்கப்பச்சி தேவகோட்டையிலதான இருக்காக, முந்தாநேத்து பாத்தேனே" என்று போட்டு உடைத்தான். அதற்குப் பிறகு மூன்று மாதம் சின்னவன் யார் சொன்னதையும் நம்பவில்லை. பால் வாங்கப் போகிறேன் என்றால்கூட முகப்பு வரை வந்து நின்று, நான் தெருமுனை திரும்பும் வரை பார்ப்பான்.

வக்கீல் எங்களுக்குச் சட்டம் சொன்னார். பிள்ளைகளை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டோம். அதில் எனக்குத் தெளிந்தது ஒன்றுதான்: பிரிவைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் பிள்ளை பதில் சொல்ல நேரக் கூடாது. கோர்ட்டிலும் பள்ளியிலும் நோன்பு வீட்டிலும் அந்தப் பதிலை முன்கூட்டியே பெரியவர்கள் எழுதியோ சொல்லியோ வைத்துவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

இது இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் இருவரும் சம்மதித்துப் பிரிகிறவர்களுக்கு எழுதியது. மற்ற சமயத்தாருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் பிரிவுகள் வேறு, ஆனால் பிள்ளைகளைப் பற்றிய பகுதி எல்லாருக்கும் பொருந்தும். வீட்டில் அடிதடி இருந்தால் இந்த வரிசை உங்களுக்கு இல்லை. முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடமே வைத்துக்கொள்ள உத்தரவு கேட்க வழி இருக்கிறது.

1. மனு போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துச் சொல்வது நல்லது. பெரியவளிடம் முதலில் சொல்லி "தம்பிகிட்ட சொல்லாத" என்றால், அன்றோடு அவள் பிள்ளையாக இருப்பது முடிந்துவிடுகிறது. நான் அந்தத் தப்பையும் செய்தேன்.

நாள் பார்த்துச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தில் அல்ல, பள்ளிக் காலண்டரில். காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தைய வாரம் வேண்டாம், பிறந்தநாளை ஒட்டியும் வேண்டாம். சனிக்கிழமை காலை நல்ல நேரம். அழவும் கேட்கவும் இரண்டு நாள் கிடைக்கும்.

என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பச்சியும் ஆத்தாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. இது எங்க ரெண்டு பேரு முடிவு. நீங்க செஞ்ச எதுனாலயும் இல்ல. நீங்க காரைக்குடில ஆத்தாவோட இருப்பீங்க, பள்ளிக்கூடம் மாறாது. மாசத்துல ரெண்டு வாரம் அப்பச்சிகிட்ட போவீங்க." காரணம் சொல்லவில்லை. பெரியவள் கேட்டாள். "அது பெரியவங்க சமாச்சாரம், ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டோம், ஆனா எல்லாத்தையும் சொல்லவும் மாட்டோம்" என்று அவள் அப்பச்சியே சொன்னார். அந்த ஒரு பதிலுக்காக அவருக்கு இன்றும் நன்றி வைத்திருக்கிறேன்.

ஒரு தடவை சொன்னால் போதாது. சின்னவன் அதே கேள்வியை இருபது தடவையாவது கேட்டிருப்பான். இருபது தடவையும் அதே பதில்தான்.

2. எந்த வயதில் என்ன வரும்

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் ஒட்டிக்கொண்டே இருக்கும், தூக்கம் கெடும். நாலைந்து வயதில், விட்ட பழக்கம் திரும்பும். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது எல்லாம் வரும், அதற்கு அடிக்காதீர்கள். "நான் சேட்டை பண்ணதுனாலதான் அப்பச்சி போயிட்டாக" என்று நினைக்கும் வயதும் அதுதான். ஆறு முதல் எட்டு வரை, சேர்ந்துவிடுவார்கள் என்ற ஆசை போகவே போகாது. ஒன்பது வயதுக்கு மேல் கோபம் வரும், ஒரு பக்கம் சாய்வது வரும். பதின்ம வயதில் பேச்சு குறைந்து மார்க் இறங்கலாம், அல்லது வீட்டுப் பொறுப்பைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். "எம் மக எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்று ஊர் மெச்சும்போது கொஞ்சம் பயப்படுங்கள்.

சொந்தக்காரர்கள் "பிள்ளைக கெட்டுப் போயிரும்" என்று சொல்லத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் பல வருடம் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 25 பேருக்குக் கடுமையான சிக்கல் நீடித்தது, சேர்ந்திருந்த வீடுகளில் அது சுமார் 10. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மீதி 75 பேரும் தேறியிருக்கிறார்கள். பிரிவைவிடப் பிள்ளை காதில் விழும் சண்டைதான் அதிகம் கெடுக்கிறது.

3. ஒப்பந்தத்தில் நாளும் மணியும் எழுதுங்கள்

பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். வக்கீல்கள் வழக்கமாக எழுதுவது ஒரே வரி: "தந்தை நியாயமான நேரங்களில் பிள்ளைகளைப் பார்க்கலாம்." இந்த வரியை ஒத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான நேரம் எது என்று ஒவ்வொரு வாரமும் போனில் சண்டை வரும், சண்டையைப் பிள்ளை கேட்கும். கடைசியில் "நீயே சொல்லு, போறியா இல்லையா" என்று கேள்வி அதன் தலையில் விழும்.

எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பவை: முதல், மூன்றாம் வாரம் வெள்ளி பள்ளி விட்டதிலிருந்து ஞாயிறு மாலை 6 மணி வரை. புதன்கிழமை இரவு 7:30-க்கு வீடியோ கால், 20 நிமிடம். மே மாத விடுமுறையில் பாதி. தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. பொங்கல் அதற்கு நேர்மாறு. காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருக்கிறதோ அங்கேயே இருப்பது, மற்றவர் வந்து பார்ப்பது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளைகள் என்றால் இன்னொன்றையும் எழுதுங்கள். பிள்ளையார் நோன்பு யாரிடம்? திருக்கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் இழை (மாவில் வைத்து ஏற்றும் திரி) எடுக்கும்போது பிள்ளை எந்த வீட்டில் நிற்கிறது என்பது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. முதல் வருடம் நாங்கள் அதை எழுதவில்லை. இரண்டு வீட்டிலும் மாவு பிசைந்து காத்திருந்தார்கள். பிள்ளைகள் இழை எடுக்காமலே எட்டு மணிக்குத் தூங்கிப்போனார்கள். இப்போது நோன்பு அவர்கள் அப்பச்சி வீட்டில் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகளின் கோயில் (நகரத்தாரில் குலப்பிரிவு) அப்பச்சி வழிதான், நாங்கள் பிரிந்ததால் அது மாறப்போவதில்லை என்பதால் நானே விட்டுக்கொடுத்தேன்.

பணத்துக்கு மூன்று விதி. மாதத் தொகை வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும், தேதி எழுத வேண்டும். பள்ளிக் கட்டணத்தை அவரே பள்ளிக்குக் கட்டிவிட வேண்டும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். "அப்பச்சிகிட்ட பீஸ் கேளு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பும் நிலை எப்போதும் வரக் கூடாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "மனுதாரர் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறார்" என்று ஒரு பத்தி வரும். உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விடலாம். பிள்ளைகளின் ஜீவனாம்சம் நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய சொத்து அல்ல. அதேபோல, பூர்வீக வீட்டில் பிள்ளைகளுக்கு இருக்கும் பங்கும் உங்கள் விவாகரத்தால் போகாது. பெண்பிள்ளைக்கும் அது உண்டு, தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பிள்ளை பெயரில் இருக்கும் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ விற்க முடியாது. எத்தனை புள்ளி (குடும்பம்) பங்கு இருக்கும் வீடானாலும் சரி, பூட்டிக் கிடக்கும் வீடானாலும் சரி, அந்தப் பத்தியில் "பிள்ளைகளின் உரிமை நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

4. கோர்ட்: காகிதம், செலவு, காலம்

குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். கல்யாணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி மனு போட்டால் அவர் இப்போது இருக்கும் இடம், இதில் எதுவாகவும் இருக்கலாம்.

எடுத்துவைக்க வேண்டியவை: திருமணப் பதிவுச் சான்று, கல்யாணப் பத்திரிகை, மணக்கோலப் போட்டோ, இருவரின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளியின் படிப்புச் சான்று, கட்டண ரசீதுகள், சம்பளச் சீட்டு, வருமான வரி விவரம், நகை மற்றும் சீர் சாமான் பட்டியல். எங்கள் வக்கீல் இசைகுடிமான (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தம்) பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அது எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) பெட்டகத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. ஜீவனாம்சத்தில் தகராறு என்றால் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஒரு வருடமாவது பிரிந்திருந்தால்தான் மனுவே போட முடியும். மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும், 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை ஆஜராக வேண்டும். அந்த 6 மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. பிள்ளை யார் வசம், பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கணவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ மூலம் ஆஜராகவும் அதே தீர்ப்பில் இடம் இருக்கிறது. நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

நாங்கள் ஏப்ரல் கடைசியில் மனு கொடுத்தோம். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஒரு காகிதம் குறை என்று மனு திரும்பி வந்து, நம்பர் விழ ஜூன் ஆகிவிட்டது. பள்ளி திறக்கும் சமயமும் அதுதான். நீங்கள் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள். பிரிந்த நாளிலிருந்து தீர்ப்பு நகல் கைக்கு வர எங்களுக்கு ஒரு வருடம் பதினோரு மாதம் ஆனது.

வக்கீல் கட்டணம் எனக்கு 35,000 ரூபாய். ஸ்டாம்ப், நோட்டரி, நகல், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து இன்னொரு 6,000. பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அங்கே போங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். எண் 15100. இதை நான் 35,000 கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நீதிபதி கேட்காமல் பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கேட்டால் மட்டும் போதும். ஐந்து வயதுக்குள் இருந்தால் சாதாரணமாகத் தாயிடம் என்பது சட்டம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கோர்ட் கருதலாம். நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போனால் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் அந்தப் பாரம் நெடுநாள் இருக்கும். "ஜட்ஜம்மா கேட்டா ஒனக்குத் தோணுனதச் சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்பது போதும். சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு வாய்தா போடுவதும் நடக்கும்.

தீர்ப்பு வந்ததும் சான்றொப்பமிட்ட நகல் மூன்றுக்கு மனு போடுங்கள். ஒன்று போதும் என்று நினைத்து நான் இரண்டு முறை அலைந்தேன்.

5. பள்ளிக்கூடம்

வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் நேரில் போய் ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள்: நாங்கள் தனித்தனியாக இருக்கிறோம், பிள்ளையை அழைத்துப் போக இருவருக்கும் அனுமதி உண்டு (அல்லது இல்லை), ரிப்போர்ட் கார்டு இருவருக்கும் வேண்டும். கதை வேண்டாம். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையதில் அவர் மாற்றிவிட்ட பழைய எண் இருந்தது, ஒரு டெர்ம் முழுக்க எந்தச் செய்தியும் எனக்கு வரவில்லை.

வருட நடுவில் பள்ளி மாற்றாதீர்கள். வீடு மாறுகிறது, ஆள் மாறுகிறது, கூட்டாளிகளாவது மாறாமல் இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டி.சி. ஏப்ரல், மே மாதத்தில் வாங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

"மை ஃபேமிலி" என்று படம் ஒட்டி வரச் சொல்லும் பாடம் எல்லா வகுப்பிலும் வரும். ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். எங்கள் டீச்சர் "ரெண்டு பக்கத்துல ஒட்டுறா" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்.

6. மற்ற காகிதங்கள்

ரேஷன் கார்டு: பழைய கார்டில் பெயர் நீக்கினால்தான் புதிய கார்டில் சேர்க்க முடியும். நீக்கும்போது ஓ.டி.பி. குடும்பத் தலைவரின் போனுக்குத்தான் போகும். ஆகவே பேச்சுவார்த்தை இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்: 18 வயதுக்குக் கீழ் என்றால் இரு பெற்றோரும் கையெழுத்திடும் இணைப்பு டி (Annexure D) என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஒருவர் கையெழுத்து கிடைக்கவில்லை என்றால் இணைப்பு சி, கோர்ட் உத்தரவு இருந்தால் அதன் நகலும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைக்கும் மனுவுக்கு முன்பே எடுத்துவிடுவது லேசு. அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

செல்வமகள் சேமிப்பு: ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு கணக்குதான். அவர் ஆரம்பித்தது என்றால் வருடம் குறைந்தது 250 ரூபாய் யார் கட்டுவது, பாஸ்புக் யாரிடம் என்று எழுதிவிட்டால் போதும். 18 வயதானதும் அந்தக் கணக்கைப் பிள்ளையே கையாளலாம்.

7. கைமாற்றும் இடம்

முதல் நாலு மாதம் கொப்புடையம்மன் கோயில் வாசலில் வைத்துப் பிள்ளைகளை ஒப்படைத்தோம். பொது இடம், சாமி முன்னால் சண்டை வராது என்று நினைத்தேன். சண்டை வரவில்லைதான். ஆனால் காரைக்குடியில் அந்த வாசலில் உங்களைத் தெரியாதவர் யார்? ஒவ்வொரு முறையும் ஒரு ஆச்சி நின்று, சின்னவன் கன்னத்தைத் தடவி, "யாரோட ராசா இருக்கப் போற?" என்று கேட்பார். பாசத்தில்தான் கேட்கிறார்கள், அவன்தான் பேந்தப் பேந்த விழிப்பான்.

பிறகு பள்ளி வாசலுக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை காலை நான் விடுகிறேன், மாலை அவர் அழைத்துக்கொள்கிறார். நாங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, பிள்ளைக்குப் பிரியும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு சின்னவனின் வெள்ளிக்கிழமை வயிற்றுவலி நின்றுபோனது.

தேவகோட்டை வீட்டிலும் பல் துலக்கியிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் வரை தனியாக ஒரு செட் வாங்கி வைத்தோம். சீருடை சேர்த்து இருவருக்கும் 4,600 ரூபாய். வீண் செலவு என்று எங்கள் ஆயா (பாட்டி) சொன்னார்கள். ஆனால் மூட்டை தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை அங்கே விருந்தாளி. தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, அப்பச்சி வீட்டு நாள்களில் நீலப் பொட்டு வைத்தோம். சின்னவன் தினமும் காலையில் அதைத்தான் முதலில் பார்ப்பான்.

திரும்பி வந்ததும் விசாரிக்காதீர்கள். "அங்க யாரு வந்திருந்தாக, என்ன சமைச்சாக, ஏதும் சொன்னாகளா" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். "சாப்பிட்டியா, குளிக்கிறியா" என்பதோடு நிறுத்துங்கள்.

8. உறவுக்காரர்கள்

இதற்குக் காகிதம் கிடையாது, அதனால்தான் கஷ்டம். இரு பக்க அப்பத்தா, ஆயா, ஐயாக்களிடம் ஒரு தடவை தெளிவாகப் பேசிவிடுங்கள்: பிள்ளைகள் காதுபட மற்ற வீட்டைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். எங்கள் வீட்டில் அது ஆறு மாதம் எடுத்தது. பட்டாலையில் பேசினால் இரண்டாங்கட்டு வரை கேட்கும் வீடுகள் நம்முடையவை, மறந்துவிடாதீர்கள். "அப்படியே அவுக அப்பச்சி புத்தி" என்று என் ஆத்தா ஒரு நாள் கோபத்தில் சொன்னது பெரியவள் மனதில் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு அதன் பொருள், "உன்னில் பாதி கெட்டது" என்பதுதான்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்று இரு பக்கமும் சந்திக்கும் இடங்களுக்குப் பிள்ளையை அனுப்புவதை நிறுத்தாதீர்கள். ஆனால் போவதற்கு முன் பிள்ளை சொல்ல ஒரு வாசகம் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது: "ஆத்தாகிட்ட கேளுங்க." யார் என்ன கேட்டாலும் அதே. பெரியவள் அதை ஒரு தோரணையோடு சொல்லக் கற்றுக்கொண்டாள். பிறகு யாரும் கேட்பதில்லை, என்னிடம் வந்து கேட்கத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லையே.

9. எப்போது வெளி உதவி

பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் நிலைக்கு வருவார்கள். தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பிடாமல் இருப்பது, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி இவை சில வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். செத்துப்போகிறேன் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைகளே கூப்பிட 1098. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நாங்கள் பெரியவளை மதுரையில் ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். ஒரு முறைக்கு 800 ரூபாய், ஏழு முறை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆலோசகரிடம் பேசியதைவிட அந்தப் பஸ்ஸில் என்னோடு அவள் அதிகம் பேசினாள் என்று நினைக்கிறேன்.

10. அட்டவணையைத் திருத்துவது

பிள்ளைகளைப் பற்றிய உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல. இந்துத் திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி பிறகும் மாற்றக் கேட்கலாம். வருடம் ஒரு முறை, ஏப்ரலில், இருவரும் அரை மணி நேரம் பேசுகிறோம். சின்ன மாற்றங்களை வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்கிறோம். பெரிய மாற்றம் என்றால் வக்கீலிடம் போக வேண்டும்.

பெரியவள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்பு. சனிக்கிழமை காலை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. வெள்ளி இரவு தேவகோட்டை போய், காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடி வர முடியாது. என்ன செய்யலாம் என்று நானும் அவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது, சின்னவன் காலண்டரை எடுத்து வந்து நீலப் பொட்டை சனி மத்தியானத்துக்கு நகர்த்தி வைத்திருந்தான், தனக்கு மட்டும் வெள்ளிக்கிழமையை அப்படியே விட்டுவிட்டு. அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனி நாள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் இப்போது எழுதியிருக்கிறோம்.